மெட்டு தோன்றுகிறது, பாட்டாக வளரவில்லை: இசையமைக்கக் கற்பது எப்படி?

கேள்வி: எனக்குக் கொஞ்சம் பாட வரும், கீபோர்டில் ஓரளவு கை ஓடும். மனதில் அடிக்கடி ஏதாவது மெட்டு வந்துகொண்டே இருக்கிறது. போனில் பாடிப் பதிந்து வைக்கிறேன். ஆனால் எதுவும் ஒரு வரிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. முறையாக இசையமைக்கக் கற்றுக்கொள்ள எங்கே தொடங்க வேண்டும்? தியரி கட்டாயமா? எந்த மென்பொருள் நல்லது? குரு வேண்டுமா?

பதில்:

"ஒரு வரிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான். மெட்டு தோன்றுவது இசையில் ஊறிய யாருக்கும் நடக்கும். அதை ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுத்தர முடியாது. வந்த மெட்டை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதைக் கற்றுத்தரலாம், பயிற்சியில் கூர்மைப்படுத்தலாம். இசையமைப்பு என்று நாம் சொல்லும் தொழிலில் பெரும்பகுதி அதுதான்.

பலர் முதல் வரியோடு நின்றுபோவதற்குக் கற்பனைக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. முதல் வரி வந்த மாதிரியே இரண்டாவது வரியும் தானாக வரும் என்று காத்திருக்கிறார்கள். அப்படியே வந்தாலும் அது முதல் வரியோடு ஒட்டாது, வேறு ஏதோ பாட்டின் துண்டு மாதிரித் தனியே நிற்கும். உங்களுக்குப் பிடித்த பாட்டு எதையாவது எடுத்துப் பல்லவியின் இரண்டாம் வரியை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அநேகமாக அது முதல் வரியிலிருந்தே பிறந்திருக்கும். அதே தாளக்கட்டு, வேறு சுரங்கள். அல்லது அதே தொடக்கம், வேறு முடிப்பு.

பேசிக்கொண்டே இருப்பதைவிடச் செய்து பார்த்துவிடலாம். மோகன ராகத்தை எடுத்துக்கொள்வோம், ஐந்தே சுரம்: ஸ ரி க ப த. எட்டு அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு, ஒரு சின்ன வரி, கமா இருக்கும் இடத்தில் முந்தைய சுரம் நீளுகிறது:

க க ப , த ப க ,

இதைப் பாடிப் பாருங்கள். பிரமாதமான மெட்டு ஒன்றும் இல்லை. வேண்டுமென்றேதான் சாதாரணமாக எழுதியிருக்கிறேன். இப்போது இரண்டாவது வரி. எளிய வழி, இதே வடிவத்தை ராகத்தில் ஒரு படி கீழே இறக்குவது:

ரி ரி க , ப க ரி ,

கேட்பவருக்கு இது புதிதாகவும் இருக்கிறது, ஏற்கெனவே தெரிந்ததாகவும் இருக்கிறது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி, 1808இல் அரங்கேறியது, தொடங்குவதே இந்த உத்தியில்தான். மூன்று குறுகிய சுரம், ஒரு நீண்ட சுரம். உடனே அதே உருவம் ஒரு படி கீழே. அந்த நாலு சுரத்தின் தாளக்கட்டை வைத்துக்கொண்டே முதல் பகுதி முழுவதையும் அவர் நகர்த்திக்கொண்டு போகிறார்.

சரி, மூன்றாவது வரிக்கு என்ன செய்வது? அதே வடிவத்தை மூன்றாம் முறையும் இறக்கினால் கேட்பவர் முன்கூட்டியே ஊகித்துவிடுவார். இங்கே எதையாவது உடைக்க வேண்டும். முதல் இரண்டு வரியிலும் இரண்டு இடத்தில் நீட்டல் இருந்தது. அதை எடுத்துவிட்டு எட்டு அட்சரத்தையும் நிரப்புவோம். இதுவரை த வரைக்கும்தான் போயிருக்கிறோம், ஒரு முறை மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ஸ-வை, தொட்டுவிட்டு வருவோம்:

த ப த ஸ் த ப க ரி

நாலாவது வரி வீட்டுக்குத் திரும்ப வேண்டும். முதல் வரியின் தொடக்கத்தை அப்படியே கொண்டுவந்து, முடிப்பை மட்டும் ஷட்ஜத்தில் இறக்குங்கள்:

க க ப , க ரி ஸ ,

நாலு வரியையும் சேர்த்துப் பாடினால் ஒரு முழுமை வந்துவிடுகிறது. இதில் எங்கேயும் எதுவும் தோன்றக் காத்திருக்கவில்லை. முதல் வரியைத் தவிர மற்ற எல்லாம் ஒரு தீர்மானத்தால் வந்தவை: இறக்கு, உடை, உச்சிக்குப் போ, திரும்பு. உச்சிச் சுரம் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் மூன்றாம் வரியில். முதல் வரியிலேயே மேல் ஷட்ஜத்தைத் தொட்டிருந்தால் மூன்றாம் வரிக்கு ஏற இடமே இருந்திருக்காது. முதல் மூன்று வரியும் க, ரி, ரி என்று முடிகின்றன. மூன்று முறையும் காது இன்னும் ஏதோ வரும் என்று எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பைக் கடைசி வரை தள்ளிப்போட்டதால்தான் ஸ வந்து சேரும்போது நிறைவாக இருக்கிறது.

இதே முதல் வரிக்கு வேறு நாலைந்து வழியில் தொடர்ச்சி எழுதிப் பாருங்கள். வால் பகுதியை மட்டும் எடுத்து (த ப க , ) அடுத்தடுத்துச் சொல்லலாம். எடுப்பைத் தள்ளி, முதல் அட்சரத்தை மௌனமாக விட்டுத் தொடங்கலாம். வரியைப் பின்னாலிருந்து முன்னால் பாடலாம். பாதி வேகத்தில் இரட்டிப்பாக நீட்டலாம். கர்நாடக சங்கீதத்தில் ஒரே வரியைச் சிறுசிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்பப் பாடி, சங்கதி சங்கதியாக வளர்த்துக்கொண்டு போகிறார்களே, அது உங்களுக்கு மிகப் பெரிய பாடசாலை. தியாகராஜரின் கீர்த்தனைகளில் ஒரு பல்லவி வரி முதலில் எவ்வளவு எளிமையாக வருகிறது, ஒவ்வொரு சங்கதியிலும் எந்த ஒரு இடம் மட்டும் மாறுகிறது, எந்த இடம் கடைசி வரை மாறாமல் இருக்கிறது என்று வரி வரியாகக் குறித்துக்கொண்டு கேளுங்கள். ஒரு கருவை வளர்ப்பது பற்றி இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். மெட்டைக் குரலில் போடுங்கள், கீபோர்டில் போடாதீர்கள். விரல்களுக்குப் பழக்கம் உண்டு. எந்தப் பாட்டை அதிகம் வாசித்தீர்களோ அந்த வழியிலேயே போகும். குரல் மூச்சுக்குக் கட்டுப்பட்டது. எங்கே வரி முடிய வேண்டும், எங்கே சுரத்தை நீட்டலாம், எந்தத் தாவல் பாடக் கஷ்டம் என்பதெல்லாம் பாடும்போது தானாகத் தெரிந்துவிடும். கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, வேண்டிய ராகம் என்றால் கேட்கவே வேண்டாம். தோடி ராகத்தின் காந்தாரத்தை (க) கீபோர்டின் ஒரு கட்டையில் அழுத்தினால் அங்கே தோடியே இருக்காது. பாடி முடிவு செய்தபிறகு வாத்தியத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்து, கேட்டு எழுதுவது. புதிதாகப் போடும் மெட்டுக்குச் செலவிடும் நேரத்துக்குக் குறையாமல் இதற்கும் செலவிடுங்கள். பிடித்த பாட்டு ஒன்றை எடுத்து, யாரோ போட்டுவைத்த நொட்டேஷனைப் பார்க்காமல், உங்கள் காதால் கேட்டுச் சுரம் எழுதுங்கள். மெட்டை முடித்தபிறகு, அடியில் கீழ்ச்சுரங்களில் ஓடும் பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். அப்புறம் தாள வாத்தியம், அப்புறம் இடையிசை. எத்தனையாவது நொடியில் எந்த வாத்தியம் உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். சும்மா ரசிக்கும்போது நம் காது மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடும். எழுத உட்கார்ந்தால்தான், இரண்டாம் சரணத்தில் பின்னால் ஒரு வயலின் வரி புதிதாகச் சேர்ந்திருப்பதும், அதனால்தான் அதே மெட்டு அங்கே அலுக்காமல் இருப்பதும் தெரியவரும்.

இது பழைய வழி. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் வைமர் நகரில் வேலையில் இருந்த காலத்தில், 1713–14 வாக்கில், இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் கான்செர்டோக்களை (தனி வாத்தியமும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசை) எடுத்துத் தன் ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் ஏற்றபடி மாற்றி எழுதினார். பல கம்பி வாத்தியங்கள் வாசிப்பதை இரண்டு கைக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் எது அவசியம், எது அலங்காரம் என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்தாக வேண்டும். பாக்கின் பிற்கால எழுத்தில் அந்த இத்தாலியப் பாணியின் தெளிவு இருக்கிறது. நீங்களும் செய்யலாம். பெரிய வாத்தியக்குழு வாசிக்கும் ஒரு பாட்டை ஒரே கிட்டாருக்கு மாற்றுங்கள். அல்லது ஒரு பாட்டின் தாளக்கட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேறு ராகத்தில் வேறு சுரங்கள் போடுங்கள். அது பயிற்சிக்கு மட்டும்தான், வெளியிடுவதற்கு அல்ல.

தியரி கட்டாயமா என்று கேட்டீர்கள். கட்டாயம்தான், ஆனால் நீங்கள் நினைக்கும் வரிசையில் வேண்டாம். எழுபத்திரண்டு மேளத்தையும் (தாய் ராகங்களையும்) மனப்பாடம் செய்துவிட்டு மெட்டுப் போடலாம் என்று உட்கார்ந்தவர்கள் அங்கேயே தங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆரோகண அவரோகணம், அதாவது ஏறும் இறங்கும் சுர வரிசை, தெரிவதும் ராகம் தெரிவதும் ஒன்றல்ல. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றுதான். ஆனால் இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆரபி அதிகம் அசையாமல் விறுவிறுவென்று போகும், தேவகாந்தாரி நின்று, நீட்டி, அசைந்து போகும். சுரங்களை எப்படிக் கையாள்கிறோம், எந்த வேகத்தில், எந்தப் பிரயோகத்தில் என்பதில்தான் ராகம் பிறக்கிறது. ஆகவே ஒரு சமயத்தில் ஒரு ராகம். அதிலுள்ள நாலைந்து உருப்படிகளைக் கேட்டு, ராகத்தை அடையாளம் காட்டும் சுரத் தொடர்களான பிடிகளை எழுதிவைத்து, அதில் மெட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மேற்கத்திய ஹார்மனிக்கும் இதுவே. கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) பெயர்களைப் பட்டியலாகப் படிப்பதில் பயன் குறைவு. மேலே எழுதிய வரிக்கே வருவோம். ஸ என்பதை சி என்று வைத்தால் க என்பது இ. அந்த முதல் க-வுக்குக் கீழே சி மேஜர் வாசியுங்கள், வெளிச்சமாக இருக்கும். அதே க-வுக்குக் கீழே ஏ மைனர் வாசியுங்கள், மெட்டில் ஒரு சுரம்கூட மாறாமல் அதன் முகம் மாறிவிடும். முன்னதில் அந்தச் சுரம் கார்டின் மூன்றாம் இடத்தில் இருக்கிறது, பின்னதில் ஐந்தாம் இடத்தில். இ மைனர் போட்டால் அதுவே அடிச்சுரம். பல்லவி முதல் முறை வரும்போது ஒன்றும், சரணம் முடிந்து திரும்பி வரும்போது இன்னொன்றும் போட்டால், கேட்பவர் காரணம் தெரியாமலே நெகிழ்ந்துபோவார். எஃப் மேஜர் போட்டால் மோகனத்தில் இல்லாத மத்யமம் (ம) உள்ளே வந்துவிடும். வரலாமா கூடாதா என்பது உங்கள் பாட்டுக்கு எது தேவை என்பதைப் பொறுத்தது. ஆனால் வருகிறது என்று தெரிந்து போட வேண்டும்.

கார்டைவிட முக்கியம் பேஸ் வரி. மெட்டையும் பேஸையும் மட்டும் வாசித்தால் கேட்க நன்றாக இருக்க வேண்டும். இருந்தால் நடுவில் எதை நிரப்பினாலும் நிற்கும். மெட்டு மேலே ஏறும்போது பேஸ் கீழே இறங்கட்டும், இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்கினால் இரண்டு குரல் இருக்கிற உணர்வே வராது. இதை முறையாகப் பழக கவுண்டர்பாயிண்ட் என்ற பாடம் இருக்கிறது. ஃபுக்ஸ் என்பவர் 1725இல் லத்தீனில், குருவும் சீடனும் பேசிக்கொள்வது போல எழுதிய புத்தகம் அதற்கு அடித்தளம். தரப்பட்ட ஒரு மெட்டுக்கு எதிராக, முதலில் ஒரு சுரத்துக்கு ஒரு சுரம், அடுத்து இரண்டு, அடுத்து நாலு என்று படிப்படியாக எழுத வைப்பார். இசையமைப்பாளர் ஹைடன் அதைத் தானாகவே படித்துத் தேறினார், பீத்தோவனும் அதில் பயின்றார். இன்றைக்கும் அந்தப் பயிற்சி வேலை செய்கிறது. முதல் இரண்டு படிகளைச் செய்தாலே உங்கள் பேஸ் வரி மாறிவிடும்.

வயதாகிவிட்டது, இனிமேல் தியரியா என்று யாராவது தயங்கினால் ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவைத்தான் சொல்வேன். கடற்படை அதிகாரி. 1871இல், 27 வயதில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் பேராசிரியர் ஆனார். அதற்குள் அவருடைய இசை மேடையேறியிருந்தது. ஆனால் ஹார்மனியும் கவுண்டர்பாயிண்டும் முறையாகப் படித்ததில்லை என்று பிற்பாடு தன் வரலாற்றில் அவரே எழுதினார். பதவிக்கு வந்தபிறகு மாணவர்களோடு மாணவராக அடிப்படையிலிருந்து படித்தார், ஒரே கருவைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் ஃபியூக்குகளை எழுதித் தள்ளினார். பின்னாளில் வாத்திய அமைப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை என்கிற அளவுக்கு வந்தார். பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி அவரிடம் படித்தவர்.

வரிகளுக்கு மெட்டுப் போடுவது தனி வித்தை. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். படம் என்ற சொல்லின் முதல் எழுத்து நாலு அட்சரம் நீண்டால் அது பாடமாகிவிடும். ஆகவே நீளும் சுரத்தில் நெடில் விழும்படி பாருங்கள். குறில்தான் விழுகிறது என்றால் அடுத்து வரும் மெல்லின மெய்யையோ இடையின மெய்யையோ நீட்டலாம்: ம், ன், ல் எல்லாம் நீட்டத் தாங்கும், க், ட், ப் தாங்காது. மெட்டுக்கு வரி எழுதுவதாக இருந்தால் முதலில் தத்தகாரத்தில் சொல்லிப் பாருங்கள். தானன தானன தனனா என்று வரும் இடத்தில் தன்னன தன்னன தனனா போட்டால் நடை எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். சந்தம் காதில் உட்கார்ந்துவிட்டால் சொல் தானே வந்து அமரும். வரி முதலில் இருந்தால், அதைப் பாடாமல் உணர்ச்சியோடு பலமுறை சத்தமாகப் பேசுங்கள். குரல் எந்தச் சொல்லில் உயர்கிறது, எங்கே நிற்கிறது என்று கவனித்தால் மெட்டின் எலும்புக்கூடு அங்கேயே கிடைக்கும்.

வாத்தியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வாத்தியமும் எந்த ஸ்தாயியில் (சுர உயரத்தில்) மின்னும், எங்கே மங்கும் என்று வாசிப்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புல்லாங்குழலின் கீழ்ச் சுரங்கள் தனியாக அழகு, ஆனால் பத்து வாத்தியம் சேர்ந்து வாசிக்கும்போது காணாமல் போய்விடும். குரல் பாடும் அதே ஸ்தாயியில் இன்னும் நாலு வாத்தியத்தை நெருக்காதீர்கள். வாத்தியம் மாற்றுவதாலேயே ஒரு இசையை எவ்வளவு தூரம் நடத்த முடியும் என்று அறிய பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 1928ஆம் ஆண்டுப் படைப்பான பொலேரோவைக் கேளுங்கள். கால் மணி நேரம், இரண்டு பகுதி கொண்ட ஒரே மெட்டு, மாறாத முரசுத் தாளம், கடைசிவரை ஏறிக்கொண்டே போகும் ஒலி. கிட்டத்தட்ட முடியும் இடத்தில்தான் சுருதி மாறுகிறது, அதுவரை வாத்தியங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கின்றன.

மென்பொருளைப் பொறுத்தவரை எது கைக்குக் கிடைக்கிறதோ அது போதும். நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர் இலவசம். பதிவு செய்ய உங்கள் கணினியில் ஓடும் ஏதாவது ஒன்று. எது சிறந்தது என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும். தயாராகக் கிடைக்கும் லூப்பை இழுத்துப் போட்டு அதன் மேல் பாடுவது சுலபம், சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் நாலு அடிக்கு ஒரு முறை திரும்பும் லூப் உங்களையும் நாலு அடிக்குள்ளேயே கட்டிப்போடும். முதலில் மெட்டு, பேஸ், வடிவம் மூன்றும் தாளில் முடியட்டும். சத்தம் தேர்ந்தெடுப்பதை அதற்கப்புறம் ஆற அமரச் செய்யலாம்.

முடிப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போனில் இருக்கும் துண்டுகளில் ஒன்றை எடுங்கள், ரொம்பப் பிடித்ததை வேண்டாம், அதைத் தொடக் கை நடுங்கும். சுமாரான ஒன்றை எடுத்து மேலே காட்டியபடி நாலு வரியாக்குங்கள். அது பல்லவி. சரணத்துக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பல்லவி மத்திய ஸ்தாயியில் இருந்தால் சரணம் மேலே தொடங்கட்டும், பல்லவி நெருக்கமான சுரங்களாக இருந்தால் சரணம் நீண்ட சுரங்களாக இருக்கட்டும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் அனுபல்லவி வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நன்றாக இல்லாவிட்டாலும் முடித்துத் தேதி போட்டு வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நடுவிலேயே கைவிட்ட நூறு துண்டுகள் கற்றுத்தராத ஒன்றை, முடித்த ஒரு சுமாரான பாட்டு கற்றுத்தரும்: சரணத்திலிருந்து பல்லவிக்கு எப்படித் திரும்புவது, எங்கே அலுப்புத் தட்டுகிறது, எப்படி நிறுத்துவது. திருத்துவதற்கு அஞ்ச வேண்டாம். பீத்தோவனின் குறிப்பேடுகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இயல்பாகப் பொங்கி வந்தது போல் நமக்குக் கேட்கும் மெட்டுகள் அவற்றில் அடித்தும் மாற்றியும் மறுபடி எழுதியும் கிடக்கின்றன.

கடைசியாக, குரு. கிடைத்தால் கட்டாயம் போங்கள். ஆனால் "எனக்கு இசையமைக்கக் கற்றுக்கொடுங்கள்" என்று வெறுங்கையோடு போகாதீர்கள். முடித்த மூன்று நாலு உருப்படிகளோடு போங்கள், உங்களுக்கு எது வரவில்லை என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். நல்ல ஆசிரியர் உங்கள் மெட்டைத் தன் ரசனைக்கு மாற்ற மாட்டார், "இந்த இடத்தில் ஏன் இப்படிப் போட்டாய்?" என்று கேட்பார். உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பார்ப்பார். குரு கிடைக்கும்வரை, நன்றாகப் பாடும் நண்பர் ஒருவரிடம் உங்கள் சுரத்தாளைக் கொடுங்கள். நீங்கள் பாடிக்காட்ட வேண்டாம், அவரே பார்த்துப் பாடட்டும். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார், எந்த இடத்தில் மூச்சு போதாமல் நிறுத்துகிறார், எந்த வரியை நீங்கள் எழுதியதற்கு மாறாக, அதைவிடச் சுலபமாகப் பாடிவிட்டுப் போகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த திருத்தத்தை அந்த இடங்களிலிருந்து தொடங்கலாம்.